வாவல் குடியிருந்த வீடு

உவரிக் கடற்கரையில் நின்றுகொண்டு 'வாவல் கிடைக்குமா?' என்று வினவுவோர்க்கு மீன்தான் கிடைக்கும். வெள்ளை வாவல், கருவாவல் என்று வகை பிரித்து, விலையும் சேர்த்தே சொல்வார்கள் அவ்வூர் மீனவப் பெருமக்கள். சங்கச் சான்றோர் வாவல் என்று வழங்கிய பறக்கும் உயிரோ அவ்வூரார் வாயில் வவ்வால் ஆகிவிட்டது. ஒரு சொல் கடலுக்குள் ஒன்றையும் வானத்தில் ஒன்றையும் சுட்டி நிற்கும் நயத்தை நான் வகுப்பறையில் பன்முறை எடுத்துரைத்ததுண்டு. ஆயின், அவ்வுயிர் எங்கள் பழைய வீட்டின் கூரைக்குள் குடியேறியதையும், அதனை வெளியேற்றப் புகுந்து நான் செய்த பிழையையும், அப்பிழைக்காக என் தாயார் முன் தலைகுனிந்து நின்றதையும் இதுகாறும் எங்கும் எழுதியதில்லை. இம்மலரின் பதிப்பாசிரியர் "ஆய்வுக் கட்டுரைகள் போதிய அளவு வந்துவிட்டன, அனுபவமாக ஏதேனும் தாருங்கள்" என்று கேட்டமையால் இப்போது எழுதத் துணிகின்றேன்.

உவரி என்றதும் பலருக்கும் அந்தோணியார் திருத்தலமும், கப்பல் வடிவில் எழுந்த மாதா கோயிலும், சுயம்புலிங்க சுவாமி கோயிலுமே நினைவுக்கு வரும். அங்கிருந்து கடற்கரையோரமாகச் சென்றால், நம்பியாறு கடலொடு கலக்கும் இடத்தருகே ஆற்றங்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. கந்தூரிக் காலத்தில் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து கூடும் இடம். அந்தத் தடத்தில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த ஓரிடத்தில் என் பாட்டனார் கட்டிய வீடு இருந்தது. அவர் கருப்பட்டி வணிகர். சுண்ணாம்புக் காரைச் சுவர், பனங்கை உத்திரம், நாட்டு ஓடு, முன்னே நீண்ட தார்சா, உள்ளே முற்றம், மேலே கருப்பட்டிச் சிப்பங்களை அடுக்கி வைக்க மச்சு, கொல்லைப்புறத்தில் தனியே ஒரு கிட்டங்கி. வணிகம் ஓய்ந்து நெடுங்காலம் ஆன பின்னரும், மழைநாளில் அந்த மச்சிலிருந்து கருப்பட்டி மணம் கசியும். நாங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிப்புக்கும் தொழிலுக்கும் வெளியேறினோம். வாப்பாவும் உம்மாவும் மட்டும் அவ்வீட்டை விட்டு அகலவில்லை.

2018ஆம் ஆண்டு ரஜப் மாதப் பிறை கண்ட மறுநாள் வாப்பா வஃபாத்தானார்கள். உம்மா இத்தா இருந்தார்கள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும், தக்க காரணமின்றி வெளியே செல்லாமல், அணிகலன் துறந்து, தன் இல்லத்திலேயே தங்கியிருக்கும் காலத்தை இத்தா என்பது நம் மாணவர் பலரும் அறிந்ததே. எங்கள் பகுதி வழக்கப்படி அக்காலத்தில் மணமுடிக்கத் தகாத நெருங்கிய உறவினர் தவிர்த்த ஆடவர் அப்பெண்ணிருக்கும் கட்டுக்குள் வருவதில்லை. இதனை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. கூரையில் ஓர் ஓடு உடைந்தால்கூடக் கொத்தனாரை உள்ளே அழைக்க இயலாது. மகன்தான் ஏணியில் ஏற வேண்டும். ஏறியவன், தொல்காப்பியம் கற்றவனேயன்றிக் கூரை கற்றவன் அல்லன்.

வாப்பா இருந்தவரை மாலைதோறும் மச்சுக்கதவைத் திறந்துவைத்து, சாம்பிராணி போட்டு, காற்றாட விடுவார்கள். அது நின்றது. சித்திரை வெயில் ஏறியபோது, உம்மாவின் தொழுகை விரிப்பின் மேல் நாள்தோறும் கறுத்த சிறு பொடி உதிரலாயிற்று. எலிப் புழுக்கை என்றே முதலில் எண்ணினேன். விரலால் நசுக்கியபோது அது மாவாய் உதிர்ந்து, உள்ளே பூச்சிச் சிறகின் மினுக்கம் தெரிந்தது. எலிப் புழுக்கை அவ்வாறு உதிராது. அன்று மஃரிபுக்குச் சற்றுப் பின் முற்றத்தில் நின்று நோக்கினேன். முகட்டு ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே, விரல் நுழையும் அளவேயான ஒரு பிளவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் அவை நழுவி விழுந்து, விழும்போதே சிறகு விரித்துப் பனங்காட்டை நோக்கிப் பறந்தன. அறுபது வரை எண்ணிவிட்டுக் கணக்கை விட்டேன்.

உம்மாவுக்கு அதில் அச்சமில்லை. தொழுகையைப் பற்றிய கவலைதான் இருந்தது. பள்ளியின் இமாமிடம் கேட்டு வந்தேன். தவிர்க்க இயலாத ஒன்றாகையால் வௌவாலின் எச்சத்துக்கு ஃபிக்ஹு நூலோர் சலுகை காட்டியிருக்கின்றனர் என்று அவர் விளக்கினார். உம்மா விரிப்பை இரண்டடி நகர்த்திப் போட்டுக்கொண்டதோடு அவர்களைப் பொறுத்தவரை அச்செய்தி முடிந்துவிட்டது.

முடியவிடாதவர்கள் நாங்கள். அந்த மே மாதம் கோழிக்கோட்டில் நிபா நோய் பரவிற்று. செய்தித்தாள் எங்கும் வௌவால் படம். கொல்லத்தில் கடை வைத்திருக்கும் என் காக்கா நாளுக்கு மூன்று முறை தொலைபேசியில் பேசினார். "உம்மாவைச் சாகக் கொடுக்கப் போறியா?" என்பது அவர் வினா. அவர் அச்சம் பொய்யன்று; எனினும் அதற்குள் வேறொன்றும் ஒளிந்திருந்தது. வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கருத்து. திருத்தலத்துக்கு வருவோர்க்கு விடுதி கட்ட இடம் தேடி ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். 'வவ்வால் அடைந்த வீடு விளங்காது' என்று உறவினர் கூறிய சொல் காக்காவுக்கு நல்ல துணையாயிற்று. வௌவால்களை ஒழித்துவிட்டால் அந்தச் சொல்லும் ஒழியும், உம்மாவும் விரும்பியபடி அங்கேயே இருப்பார்கள் என்று நான் கணக்கிட்டேன். உம்மாவுக்காகச் செய்கிறேன் என்றே உறுதியாக நம்பினேன்.

நான் தீட்டிய திட்டம் எனக்கு மிகுந்த பெருமை தந்தது. பகலில் அடைத்தால் அவை உள்ளே சிக்கி மடியும். மாலையில் எல்லாம் வெளியே பறந்தபின் அடைத்தால் ஓர் உயிருக்கும் தீங்கில்லை. ரமலானின் முதற்பத்து அது. நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு ஏணி ஏறினேன். முற்றம் வெறிச்சோடும்வரை காத்திருந்து, தேங்காய்நார் திணித்து, சிமெண்டு குழைத்துப் பூசினேன். தராவீஹ் தொழுகைக்குச் செல்கையில் கையெல்லாம் எரிந்தது, மனம் நிறைந்திருந்தது.

சஹர் உணவுக்கு எழுந்தபோது உம்மா கேட்டார்கள்: "வாப்பா, மச்சுல என்னமோ கீச்சு கீச்சுங்குதே?"

"எலியா இருக்கும், உம்மா."

வெளியே, அடைத்த பிளவின் முன்னே, சிறகுகள் ஓட்டில் உரசும் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவை வழி தெரியாமல் அலைகின்றன. ஓரிரு நாளில் வேறிடம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கைவைத்தேன். மறுநாளும் சஹரில் அதே ஒலி. உம்மா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்கள், உண்ணவில்லை. "எலி இல்ல. நீ அடைச்ச பொறவுதான் கேக்குது. நேத்து பலமாக் கேட்டுச்சு. இன்னைக்கு மெதுவாக் கேக்குது" என்றார்கள்.

பொழுது விடிந்ததும் மச்சுக்கு ஏறினேன். பனங்கைக்கும் சுவருக்கும் இடையிலான பொந்தில், என் கட்டைவிரல் நுனியளவே இருந்த குட்டிகள். மயிர் சரியாக முளைக்கவில்லை. ஏழு இறந்து கிடந்தன. மூன்று அசைந்தன. நான் எண்ணிப் பார்த்திராத செய்தி இதுதான்: தாய் வௌவால் இரை தேடச் செல்லும்போது குட்டியை உறைவிடத்திலேயே விட்டுச் செல்லும். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ ஈன்று, பால் கொடுத்து வளர்க்கும். பறவையன்று, பாலூட்டி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற செய்திதான். 'பாலூட்டி' என்ற சொல்லுக்குப் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது என்றால், நான் எத்தகைய மாணவனாய் இருந்திருப்பேன் என்பதை இளைய நண்பர்கள் உணர்ந்துகொள்ளலாம்.

சிமெண்டு இறுகியிருந்தது. உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தேன். நோன்பு நாள், நாவறண்டது. உயிரோடிருந்த மூன்றையும் துணியால் தொட்டெடுத்து, திறந்த வாயருகே ஓட்டு நிழலில் வைத்தேன். மாலை மங்கியதும் முற்றத்தில் அமர்ந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது, சுற்றிற்று, உள்ளே நுழைந்தது. பின் மற்றொன்று. மறுநாள் காலையில் அந்த இடத்தில் குட்டிகள் இல்லை. எங்கோ தூக்கிச் சென்றிருக்கின்றன. மூன்றும் பிழைத்தனவா என்பதை நான் அறியேன். இறந்த ஏழையும் கிணற்றடி வேம்பின் தூரில் புதைத்தேன்.

உம்மா என்னைக் கடிந்து ஒரு சொல் கூறவில்லை. கூறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்றிரவு அறைக்குள்ளிருந்தே கேட்டார்கள்: "இந்தக் குஞ்சுக பறக்கறதுக்கு எத்தன நாளாகும்?"

"ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும்னு சொல்றாங்க, உம்மா."

"எனக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அதுகளும் அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

பின்கட்டுக் கூரையிலும் குட்டிகளோடு வேறொரு கூட்டம் இருப்பதை அதற்குள் கண்டிருந்தேன். ஆகவே உம்மா சொன்னதே காலக்கெடு ஆயிற்று. துல்கஅதா பத்தாம் நாள் வரை அவ்வீட்டில் எவரும் எதையும் அடைப்பதில்லை. காக்காவிடம் நான் பேசியதைவிட உம்மா பேசிய இரண்டு வாக்கியம் பலித்தது.

அந்த இரண்டு மாதங்களில்தான் நான் வௌவாலைக் கற்றேன். எங்கள் கல்லூரி விலங்கியல் துறை நண்பர் எச்சத்தைப் பார்த்ததுமே இவை பூச்சியுண்ணும் சிறு வௌவால் என்றார். தமிழில் துரிஞ்சில் என்பது இத்தகைய சிறு வௌவாலுக்குரிய பெயர். எடை ஐந்து கிராமுக்குள். நிபா நோயைப் பற்றியும் அவர் தெளிவுபடுத்தினார். கோழிக்கோட்டில் முதலில் ஐயுற்றது, நோய் கண்ட குடும்பத்தாரின் கிணற்றில் இருந்த வௌவால்களை. அவை பூச்சியுண்பவை, சோதித்தபோது அவற்றில் நோய்க்கிருமி இல்லை. பின்னர் அப்பகுதியின் பெரிய பழந்தின்னி வௌவால்களிடமே அது கண்டறியப்பட்டது. நாம் அச்சத்தில் பெயர் பாராமல் எல்லாவற்றையும் வௌவால் என்ற ஒரே கூண்டில் அடைத்துவிடுகிறோம். அதற்காக எவ்வித வௌவாலையும் வெறுங்கையால் தொடலாகாது. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை உண்ணலாகாது. இவற்றையும் அவரே அழுத்திச் சொன்னார்.

நோன்பு திறக்கும் வேளையும் அவை புறப்படும் வேளையும் ஏறக்குறைய ஒன்றாய் இருந்தது எனக்கு வியப்பளித்தது. மச்சோ கும்மிருட்டு, கதிரவன் மறைவது அங்கே எப்படித் தெரியும்? இவ்வினாவை ஒருவர் தம் வாழ்நாள் ஆய்வாகவே கொண்டிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், மதுரைக்கருகே குகைகளில் வாழும் வௌவால்களைக் கொண்டு உயிர்களின் உள்ளே இயங்கும் நாட்கடிகாரத்தை ஆராய்ந்தவர். ஒளி புகாத குகையிலும் அவற்றின் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நமக்குப் பள்ளியில் பாங்கொலி வேண்டியிருக்கிறது.

இருளில் அவை மோதாமல் பறக்கும் விந்தையை 1793இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி ஆராயத் தொடங்கினார். கண்ணை மறைத்தாலும் பறக்கின்றன, காதை அடைத்தால் தடுமாறுகின்றன என்பதுவரை அக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. காரணம் தெரிய ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1938இல் அமெரிக்க மாணவர் டொனால்டு கிரிஃபின்தான், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அவை எழுப்புவதைக் கருவி கொண்டு கண்டார். அவ்வொலியின் எதிரொலி கேட்டே அவை வழியறிகின்றன என்பது தொடர்ந்து நிறுவப்பட்டது. நான் அடைத்த பிளவின் முன் அவை இரண்டு இரவுகள் சுற்றிச் சுற்றி வந்தபோது எத்தனை ஓசை எழுப்பியிருக்கும்! என் செவிக்கு எட்டியது சிறகு உரசிய ஒலி மட்டுமே.

தமிழ் படித்தவனாதலால் நற்றிணையின் 87ஆம் பாட்டுக்கும் போனேன். நக்கண்ணையார் பாடியது, நெய்தல் திணை. ஊருக்குள் நிற்கும் மாமரத்தின் உயர்கிளையில் தொங்கித் துயிலும் வௌவால், தொலைவிலுள்ள காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவு காண்கிறது. தலைவியும் அவ்வாறே தலைவன் நாட்டைக் கனவில் கண்டு, விழித்ததும் இழந்துவிடுகிறாள். முதுகலை வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாட்டு. வௌவால் கனவு காணுமென்று எண்ணிய ஒரு பெண்பாற் புலவரைப் பற்றி நான் அதுவரை ஒருமுறையேனும் நின்று நினைத்ததில்லை. உவமைநயம் என்று எழுதிப்போட்டு அடுத்த பாட்டுக்கு நகர்ந்துவிடுவேன்.

நம் மார்க்க நூல்களிலும் இவ்வுயிருக்கு இடமுண்டு. ஈசா நபி (அலை) அவர்கள் களிமண்ணால் பறவையுருச் செய்து, இறைவன் அனுமதியால் உயிர் பெறச் செய்த நிகழ்ச்சி ஆலு இம்ரான் அத்தியாயத்தில் வருகிறது. அப்பறவை வௌவாலே என்று விரிவுரையாளர் சிலர் எழுதியிருக்கின்றனர். வௌவாலைக் கொல்லாதீர்கள் என்று நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) கூறியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அலீ (ரலி) அவர்களின் உரைகளெனத் தொகுக்கப்பெற்ற நஹ்ஜுல் பலாகாவில் வௌவாலின் படைப்பை வியந்து ஓர் உரையே அமைந்துள்ளது. இவற்றையெல்லாம் நான் உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதையெல்லாம் மொதல்ல படிச்சிட்டு ஏணியில ஏறியிருக்கலாமே" என்றார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் என்னைக் கடிந்தது அந்த ஒருமுறைதான்.

இடையே ஒரு செய்தி. நம் தாமிரபரணி பிறக்கும் களக்காடு முண்டந்துறைக் காடுகளில் அரியதொரு பழந்தின்னி வௌவால் வாழ்கிறது. 1948இல் மேகமலைப் பகுதியில் ஹட்டன் என்பவர் பிடித்த அதன் உடல், வேறோர் இனத்தின் பெயரோடு மும்பை அருங்காட்சியகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா, இது உலகறியாத புதிய இனம் எனக் கண்டு, பறவையியல் பேரறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பறவைகளுக்காகவே வாழ்ந்தவர் பெயர் பறவையல்லாத ஒன்றுக்கும் அமைந்தது. நம் மாணவர்களுள் இதனை அறிந்தோர் சிலரே என்பது என் குறை.

இத்தா முடிந்தது. ஆடிக்காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாள்கள். இம்முறை அவசரப்படவில்லை. பத்து மாலைகள் வீட்டின் நான்கு பக்கமும் நின்று, எந்தெந்தப் பிளவில் அவை போய்வருகின்றன என்று குறித்தேன். குட்டிகளும் தாமே பறந்து வெளியேறுவதை உறுதி செய்துகொண்டேன். அதன்பின் முதன்மையான இரண்டு வாயில்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைக் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தார். எஞ்சிய இரண்டிலும் வலையைத் திரைபோல் தொங்கவிட வேண்டும். மேலும் பக்கமும் ஆணியால் இறுக்கி, கீழே திறந்துவிட வேண்டும். உள்ளிருப்பவை வலையின் உட்புறமாகத் தவழ்ந்து இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வருபவை நேராகப் பழைய பிளவுக்கே வரும், வலை தடுக்கும், கீழ்வழியாக ஏறும் உபாயம் அவற்றுக்குத் தோன்றுவதில்லை.

வலைக்காக உவரிக்குச் சென்றேன். கண் சிறுத்த பழைய சாளைவலைத் துண்டு ஒன்று கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அந்த மீனவ நண்பர் சிரித்தார். "வாவலுக்கு வலை கேக்கிறவுக நெறையப் பேரு சார். வாவலைப் போகச் சொல்லி வலை கேக்கிற ஆளு நீங்கதான்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு கிழமையில் முன்கட்டும் பின்கட்டும் ஓய்ந்தன. வலையைக் கழற்றி அவ்விரு வாயில்களையும் பூசினோம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தூசி எழாமல் நீர் தெளித்து, மச்சில் படிந்திருந்த எச்சத்தை அள்ளினோம். உலர்ந்த எச்சத்தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வளரக்கூடும் என்று விலங்கியல் நண்பர் எச்சரித்திருந்தார். இரண்டு சாக்கு தேறியது. தென்னைக்கு இட்டோம். வாப்பா ஆண்டுதோறும் உரத்துக்குக் கொடுத்த பணம் நினைவுக்கு வந்தது.

கொல்லைக் கிட்டங்கியை மட்டும் ஒன்றும் செய்யவேண்டாம் என்று உம்மா முன்பே சொல்லிவிட்டார்கள். அதன் மேல்சாளரம் திறந்தே கிடந்தது. வெளியேறியவை அங்கே போகுமென்று உறுதி ஏதுமில்லை. சில போயின. ஆவணியில் ஒரு மாலை அச்சாளரத்திலிருந்து ஒன்பது புறப்பட்டன. எஞ்சியவை எங்கே சென்றன என்று தெரியாது. தாமிரபரணிப் படுகையின் பழங்கோயில்களில் வௌவால்கள் எங்கே தங்குகின்றன என்று ஏட்ரி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரையைப் பின்னர் பார்த்தேன். இருண்ட, ஆள் நடமாட்டம் குறைந்த அறைகளே அவற்றின் புகலிடம் என்றும், விளக்கும் நடமாட்டமும் மிகுந்தால் அவை அகன்றுவிடுகின்றன என்றும் அதில் உள்ளது. ஊரெங்கும் காரைவீடுகள் இடிந்து கான்கிரீட் தளங்கள் எழுந்தபின் விரலளவுப் பிளவுக்கு அவை எங்கே போகும்?

உம்மா அந்த வீட்டில் இன்னும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மஃரிப் தொழுது சலாம் கொடுத்ததும், "போயிட்டுதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் ஊரிலிருக்கும் நாள்களில் கொல்லைக்குச் சென்று பார்த்துவந்து சொல்வேன். 2022இல் அவர்களும் இறையழைப்பை ஏற்றார்கள். அதன்பின் காக்காவிடம் மறுத்துக்கூற என்னிடம் எதுவுமில்லை.

அடுத்த ஆண்டு ஆனி மாதக் கடைசியில் கிரயம் முடிந்தது. வாங்கியவர் நல்ல மனிதர். சாவியைக் கொடுக்கும்போது, கிட்டங்கியைக் குறித்து எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். விற்ற வீட்டில் வௌவாலுக்குத் தவணை கேட்கும் தமிழாசிரியரை அவர் என்னவென்று நினைப்பார்? இடிப்பதற்கு முன் ஒன்றரை மாதமேனும் பொறுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ஆடி பொறக்கப்போவுது. ஆடியில யாராவது வீட்டுல கைவைப்பாங்களா? ஆவணி பத்துக்கு மேலதான் ஆளே வரும்."

அன்று மாலை பேருந்தைத் தவறவிட்டேன். கிணற்றடி வேம்பின் கீழ் நின்றேன். பள்ளியில் பாங்கு ஒலித்துச் சிறிது நேரத்துக்கெல்லாம் கிட்டங்கிச் சாளரத்திலிருந்து முதலாவது நழுவி விழுந்தது. இருபத்து மூன்று வரை எண்ணினேன்.